நேரம் கெடைக்கிறப்போ பாருங்க அங்கிள்

அந்த மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு, அழிக்க மனசு வரல. ஜூன் 11ஆம் தேதி காலைல 6.40க்கு வட்ஸ்அப்ல வீட்டுக்கார அங்கிளுக்கு நான் அனுப்பினது. சிங்களத்தை இங்கிலிஸ் எழுத்துல அடிச்சு அனுப்பியிருக்கேன், தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: குட் மோனிங் அங்கிள், சுகமா இருக்கீங்களா, குசினி பின்பக்கச் சுவரு கொஞ்சம் ஈரமா இருக்கு, பரவாயில்ல, நேரம் கெடைக்கிறப்போ ஒருக்கா பாருங்க. அதுக்கு அவரு ஒரு கட்டைவிரல் படம் போட்டிருக்காரு. அன்னைக்கு எனக்கு அது போதுமா இருந்துச்சு. சொல்ல வேண்டியத சொல்லிட்டோம்னு நெனச்சு, நான் படிப்பிக்கிற ஸ்கூலுக்கு பஸ் ஏறிட்டேன். அதுக்கப்புறம் நடந்ததுக்கு யாரு பொறுப்புனு யோசிச்சு யோசிச்சு, அவரு மேல கோவப்பட்டு, பொறகு என் மேலயே கோவப்பட்டு, இப்பவும் அது மனசுல ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது, அதனாலதான் எழுதுறேன்.

வீடு ஹட்டன்ல, டிக்கோயா ரோட்டுல இருந்து படி ஏறிப் போற ஒரு மேட்டுல. மலையகத்துல இருக்கிறவங்களுக்கு அந்த மாதிரி வீட்ட விளங்கப்படுத்தத் தேவையில்ல. மலைய வெட்டி ஒரு தட்டு எடுத்து அதுல வீட்ட வெச்சிருப்பாங்க, முன்னாடி நின்னு பாத்தா டவுனே தெரியும், பின்னாடி குசினி கதவத் தொறந்தா 3 அடி தள்ளி மண்ணு சுவரு மாதிரி நிக்கும், நடுவுல தண்ணி வடிஞ்சு போற ஒரு காண் ஓடும். அந்தக் காண்தான் வீட்டோட உயிரு. அது அடைச்சா மேல இருந்து வாற தண்ணி முழுக்க வீட்டு அத்திவாரத்துக்கும் சுவருக்கும்தான் போகும். எங்க வீட்டுக் காண் பாதி நீளத்துக்கு சிலாப்பு போட்டு மூடியிருந்துச்சு, அதுக்குக் கீழ என்ன நடக்குதுனு நாங்க குடிவந்த ஒன்றரை வருஷமா யாரும் பாக்கல. வீட்டுக்காரர் கம்பளைல இருக்காரு, அரசாங்க வேலைல இருந்து ரிட்டயர் ஆன சிங்கள மனுசன், நல்ல மனுசன், அத இப்பவே சொல்லிடுறேன். மாசம் 28,000 ரூபா வாடகை, 6 மாச அட்வான்ஸ். என் கணவருக்கு கொழும்புல வேலை, ரெண்டு கிழமைக்கு ஒருக்காதான் வருவாரு. வீட்டுல நானு, மகள், அப்புறம் தோட்டத்துல கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆகி எங்களோட வந்து இருக்கிற எங்கம்மா.

ஜூன்ல இங்க மழை எப்படினு தெரியும்தானே. தென்மேல் பருவமழை மே மாசம் புடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாது, ஹட்டனுக்கு முந்தின ஸ்டேஷன் ரோசல்ல, அதுக்கும் முன்னாடி வட்டவளை, இலங்கையிலயே அதிகமா மழை பேயுற இடங்கள்ல அதுவும் ஒண்ணு, அங்க பேயுறதுல பாதி எங்க தலைல விழும். துணி காயாது, உப்பு கசியும், பாய் பூஞ்சணம் புடிக்கும், அதனால சுவரு ஈரமாகுறது எங்களுக்கு ஒரு விஷயமாவே படாது. அங்கதான் ஆபத்தே இருக்கு. மழை ஈரம் எது, ஓடுற தண்ணியால வாற ஈரம் எதுனு நாங்க பிரிச்சுப் பாக்குறதில்ல. சுவரு பூரா மங்கலா ஈரம் படிஞ்சிருந்தா அது காத்துல உள்ள ஈரமா இருக்கலாம். எங்க குசினில அப்படியில்ல, தரைல இருந்து ஒரு முழம் உயரத்துக்கு ஒரு கோடு மாதிரி ஏறி, பொறகு ஒரு மூலையில மட்டும் மேல மேல போயி சுவிட்ச் பலகை வரைக்கும் வந்துச்சு. பெயின்ட் கொப்பளிச்சு, வெள்ளையா உப்பு பூத்துச்சு. பின்னாடி தண்ணி தேங்கி நிக்குது, சுவரு அத உறிஞ்சுதுனு அர்த்தம். இது எனக்கு இப்ப தெரியும். அன்னைக்கு "கொஞ்சம் ஈரம்"னுதான் எழுதினேன்.

ரெண்டாவது மெசேஜ் ஜூன் 19. அன்னைக்குக் காலைல குசினி லைட்டப் போடுறப்போ விரல்ல சுருக்குனு ஒண்ணு ஓடுச்சு. எறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான். போர்ட்ல ட்ரிப் சுவிட்ச் இருக்கு, அது விழல, கரன்ட் கசிஞ்சா அது விழுந்திருக்குமே, அப்ப பயமில்லனு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அம்மாகிட்ட ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்கனு சொன்னேன். அங்கிளுக்கு எழுதினது: தொந்தரவுக்கு மன்னிக்கணும் அங்கிள், சுவிட்சுல லேசா கரன்ட் மாதிரி இருக்கு, புளுவன் வெலாவக பலன்ன. முடிஞ்ச நேரத்துல பாருங்கனு அர்த்தம். அவரு உடனே பதில் போட்டாரு, மாசக் கடைசில வாறேன் மிஸ், ஆன்ட்டிய கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போக இருக்குனு. அதப் படிச்சதும் எனக்குப் பாவமாப் போச்சு. அதனால ஜூன் 25 மூணாவது மெசேஜ், இதத்தான் என்னால இன்னும் முழுசாப் படிக்க முடியல: ஆன்ட்டிக்கு எப்படி இருக்கு அங்கிள், இங்க ஒண்ணும் அவசரம் இல்ல, மழை விட்ட பொறகு வந்தாலும் சரி.

அகப்பை

ஜூன் 30 திங்கக்கிழமை. ஸ்கூல் விட்டு வந்து தண்ணி குடிக்க குசினிக்குப் போறேன், சுவிட்சுக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஆணி அடிச்சு, அதுல அம்மாவோட சிரட்டை அகப்பை தொங்குது. அகப்பை எப்பவும் அடுப்புக்கு மேல இருக்கிற தட்டுலதான் இருக்கும். அம்மா கீழ பலகைல உக்காந்து லீக்ஸ் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. ஏன்மா அகப்பைய இங்க மாட்டியிருக்கீங்கனு சும்மாதான் கேட்டேன். தலையத் தூக்காமலே, அது சுவிட்ச் தட்டுறதுக்குனு சொன்னாங்க.

"எத்தன நாளா?"

"அந்தப் பெரிய மழை பேஞ்சுச்சே, அன்னைக்கு நல்லா புடிச்சு இழுத்துருச்சு. முழங்கை வரைக்கும் மரத்துப் போச்சு. அதுல இருந்து காம்பாலதான் தட்டுறேன்."

பெரிய மழை பேஞ்சது 20ஆம் தேதி ராத்திரி. பத்து நாள். பத்து நாளா எங்கம்மா விடியக்காலம் 4.30க்கு எழும்பி, இருட்டுல, ஈரச் சுவருக்கு முன்னாடி நின்னு, அகப்பைக் காம்பால லைட்டு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. நான் அந்த லைட்டு வெளிச்சத்துல வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கேன். மகள் எழும்புறதுக்கு முன்னாடி போட்டுட்டு, அவ தூங்கின பொறகு அமத்துவாங்களாம், அவ தொட்டுறக் கூடாதுனு. அவளுக்கு எட்டாத உயரத்துலதான் ஆணி.

ஏம்மா எங்கிட்ட சொல்லலனு கேட்டேன், சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அம்மா கத்திய வெச்சிட்டு என்னப் பாத்தாங்க. "நீதான் அந்த மனுசனுக்குச் சொல்லியிருக்கியே புள்ள. அவங்க வீட்டுல இருக்கோம். சும்மா சும்மா சொல்லிக்கிட்டே இருந்தா எழும்பச் சொல்லிருவாங்க. அப்புறம் எங்க போறது." இதச் சொல்றப்போ அம்மா முகத்துல கோவமோ வருத்தமோ எதுவும் இல்ல, வெயிலடிச்சா குடை புடிக்கணும்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. எனக்கு அதுதான் தாங்கல.

தகரம்

அம்மா சொன்ன அந்தப் பேச்சு எங்க இருந்து வருதுனு எனக்குத் தெரியும், அதே இடத்துல இருந்துதான் என்னோட "நேரம் கெடைக்கிறப்போ"வும் வருது. நான் பொறந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல. பத்துக்குப் பன்னெண்டு அடி காம்பரா, முன்னாடி ஒரு திண்ணை. வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது, தோட்டங்கள 70கள்ல அரசாங்கம் எடுத்தப்பவும், 1992ல கம்பெனிங்க கைக்கு மாறினப்பவும் அந்தக் கூரைத் தகரம் அப்படியேதான் இருந்துச்சு. நாங்க அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் இல்ல, வாடகைக்காரரும் இல்ல, வேலை செய்யுற வரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். கூரை ஒழுகினா தாத்தா முதல்ல தலைவர்கிட்ட சொல்லணும், தலைவர் ஆபீஸ்ல கிளாக்கர் ஐயாகிட்ட சொல்லுவாரு, ஐயா புத்தகத்துல எழுதி, பொறகு துரை ரவுண்ட் வாற அன்னைக்கு தாத்தா தலைல கட்டின துண்ட அவுத்துக் கையில புடிச்சிக்கிட்டு ரோட்டோரமா நிப்பாரு. ஒரு தகரத்துக்காக அவரு ரெண்டு மழைக்காலம் அப்படி நின்னாருனு அம்மா சொல்லுவாங்க. அதுவும் கூரை ஒழுகுதுனு சொல்ல மாட்டாராம், "தொரை, நேரம் இருந்தா ஒருக்கா பாத்தா நல்லது"னுதான் ஆரம்பிப்பாராம். அந்த ரெண்டு மழைக்காலமும் அம்மாயி ஒழுகுற எடத்துல வாளிய வெச்சு, வாளி நெறையுற சத்தத்துல எழும்பி ஊத்திட்டு வந்து படுப்பாங்களாம்.

அப்ப அந்தப் பணிவுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. குரல் ஒசந்தா பேரு கெடைக்காது, வேலை குடுக்க மாட்டாங்க, அடுத்த தகரம் வேற யாருக்காவது போயிரும். ஆனா நான் 28,000 ரூபா மாசம் 1ஆம் தேதி தவறாம பேங்குல போடுறவ, லோயர்கிட்ட போயி ரெண்டு பேரும் கையெழுத்து வெச்ச எக்ரிமென்ட் பீரோவுல இருக்கு. அப்படியிருந்தும் என் வாயில தாத்தாவோட வார்த்தைதான் வந்திருக்கு. தலைல துண்டு இல்ல, மெசேஜுக்கு முன்னாடி குட் மோனிங்கும் மன்னிக்கணும்மும் இருக்கு, வேற ஒரு வித்தியாசமும் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச சிங்களம் பூரா பஸ் கண்டக்டர்கிட்டயும், கச்சேரி கவுன்டர்லயும், பேங்க் கியூவுலயும் கத்துக்கிட்டது. அதாவது கேக்குற சிங்களம், நன்றி சொல்ற சிங்களம். கருணாகரலா, சமாவென்ன, கமக் நே, புளுவன் வெலாவக. தயவுசெஞ்சு, மன்னிக்கணும், பரவாயில்ல, முடிஞ்ச நேரத்துல. இது ஆபத்து, இன்னைக்கே வரணும், இது உங்க பொறுப்புனு சொல்ற சிங்களத்த எனக்கு யாரும் கத்துத் தரல, நானும் கத்துக்கல. எங்க ஊர்ல நெறைய பேருக்கு இப்படித்தான்னு நெனைக்கிறேன். போலீசுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நமக்கு வந்த பெரிய விஷயம் நம்ம வாயில சின்னதாத்தான் வெளிய வருது.

ஹதிசி

அன்னைக்கு அகப்பையப் பாத்த பொறகு முதல்ல மெயின் சுவிட்ச அமத்தினேன். மெழுகுதிரிய ஏத்தி வெச்சிட்டு போனக் கையில எடுத்தா, என்ன சொல்றதுனு வாய் வரல. அவசரம்ங்குறதுக்கு சிங்களத்துல என்ன? தெரியும், ஆனா அது பேச்சுல வாற சொல்லா எனக்குள்ள இல்ல. பொறகு ஞாபகம் வந்துச்சு, டிக்கோயா ஆஸ்பத்திரி போர்டு. ஹதிசி. எத்தனையோ தடவ அந்த வாசல்ல நின்னு படிச்சிருக்கேன், ஆம்புலன்ஸ் வந்து நிக்குற எடத்துக்கு உரிய சொல்லுனுதான் நெனச்சிருந்தேன், எனக்கு உரியதுனு நெனச்சதில்ல. ஒரு கொப்பித் தாள்ல தமிழ் எழுத்துல எழுதினேன், நாலே நாலு வரி. அங்கிள், ஹதிசியி. குசினி பித்தியே கரன்ட் எனவா. அம்மாட்ட வெதுனா. அத என்ன ஓனே. அவசரம், சுவருல கரன்ட் வருது, அம்மாவுக்கு அடிச்சிருச்சு, இன்னைக்கு வரணும். கை நடுங்கிக்கிட்டே கோல் எடுத்து, குட் ஈவினிங்கூட சொல்லாம அந்த நாலு வரிய வாசிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவரு கேட்டாரு, "எய் மிஸ் கலின் கிவ்வே நெத்தே?"

ஏன் மிஸ் முன்னாடியே சொல்லல.

மூணு தடவ சொல்லியிருக்கேனேனு வாய் வரைக்கும் வந்துருச்சு. அவரு அதுக்குள்ள கதைச்சிக்கிட்டே போறாரு, மெயினப் போட வேணாம், இன்னைக்கு ராத்திரிக்கு அப்படியே இருங்க, காலைல முதல் பஸ்ஸுல கரன்ட் வேலை செய்யுற பாஸையும் கூட்டிக்கிட்டு வாறேன், அம்மாவ ஆஸ்பத்திரியில காட்டினீங்களா, நெஞ்சு வலி ஏதும் இருக்கானு கேளுங்க. அவரு குரல்ல இருந்த பதட்டம் நெசமான பதட்டம். போன வெச்ச பொறகு மெழுகுதிரி வெளிச்சத்துல அந்த மூணு மெசேஜையும் திரும்பப் படிச்சேன், இந்தத் தடவ அவரா இருந்து படிச்சேன். கம்பளைல ஒரு வீட்டு விறாந்தைல உக்காந்திருக்கிற 70 வயசு மனுசன், சம்சாரத்துக்கு சுகமில்ல, போன் டிங்குனு அடிக்குது, வாடகைக்கு இருக்கிற டீச்சர் சுகம் விசாரிக்குது, சுவரு கொஞ்சம் ஈரமாம், பரவாயில்லயாம். பொறகு லேசாம். பொறகு அவசரமே இல்லயாம். அவரு நான் எழுதினத நம்பினாரு. நான் எழுதாம விட்டத அவரு எப்படிப் படிப்பாரு?

அதுக்காக அவரு மேல தப்பே இல்லனு நான் சொல்ல மாட்டேன். காலைல பாஸ் வந்து போர்டத் தொறந்தவரு ட்ரிப் சுவிட்சுல இருக்கிற டெஸ்ட் பொத்தான அமுக்கிக் காட்டினாரு. சுவிட்ச் டக்குனு கீழ விழுந்துச்சு, குசினி லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. குசினி லைன யாரோ ட்ரிப் சுவிட்சுக்கு வெளியால டைரக்டா குடுத்திருக்காங்க. அங்கிள் முகம் கறுத்துப் போச்சு. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க மழைக்காலத்துல ட்ரிப் அடிச்சுக்கிட்டே இருக்குனு அவருக்கு அடிக்கடி சொல்லியிருக்காங்க, அவரு யாரையோ அனுப்பியிருக்காரு, வந்தவரு ட்ரிப் அடிக்காத மாதிரி பண்ணிட்டுப் போயிட்டாரு. போன கரன்ட் முழுசாத் திரும்பி வருதானு அந்தச் சுவிட்ச் பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி அம்பியர் குறைஞ்சாக்கூட எங்கயோ கசியுது, ஒருவேளை ஒரு மனுசன் உடம்பு வழியாப் போகுதுனு சொல்லி ஒரு நொடிக்குள்ள வெட்டிவிடும். அது திரும்பத் திரும்ப விழுந்தது கோளாறு இல்ல. சுவருக்குள்ள ஈரம் இருக்குனு அந்த வீட்டுலயே அது ஒண்ணுதான் வாயத் தொறந்து சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, அத வாய மூட வெச்சிட்டாங்க. முன்னாடி இருந்தவங்க "ட்ரிப் அடிக்குது, தொல்லையா இருக்கு"னு சொன்னாங்க, தொல்லை தீந்துச்சு. "சுவருக்குள்ள கரன்ட் கசியுது போல, பயமா இருக்கு"னு சொல்லியிருந்தா வேற வேலை நடந்திருக்குமோ என்னவோ. பாஸ் போறப்போ அம்மாவோட அகப்பையப் பாத்துட்டு, நனைஞ்ச கட்டையும் கரன்ட கடத்தும் அம்மே, 230 வோல்ட்டுனு சொன்னாரு. அம்மா தலையாட்டினாங்க.

வயர் பூரா மாத்தி, சுவிட்ச உள்பக்கக் காஞ்ச சுவருக்குக் கொண்டு போனாங்க. காண் மேல இருந்த சிலாப்பத் தூக்கினா உள்ள வேரும் மண்ணும் போத்தலும் இறுகிப் போயி இருந்துச்சு, ரெண்டு பேரு ஒரு முழு நாள் வெட்டி எடுத்தாங்க. செலவு பூரா அவருதான் குடுத்தாரு.

அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது

இதுக்குப் பொறகு நான் சொல்ற விதத்த மாத்திக்கிட்டேன், என் கூட வேலை செய்யுற வாடகை வீட்டு டீச்சர்மாருக்கும் இதையேதான் சொல்றேன். சுகம் விசாரிக்கிறது ஒரு மெசேஜ், வீட்டுக் கோளாறு வேற மெசேஜ், ரெண்டையும் ஒண்ணாப் போட்டா சுகம்தான் மேல நிக்கும், கோளாறு கீழ போயிரும். ஆளுக்கு என்ன ஆபத்துங்குறது முதல் வரில வரணும், சுவரு ஈரங்குறது ரெண்டாவது. எந்த இடம், எப்ப இருந்து, நாங்க இப்போதைக்கு என்ன செஞ்சு வெச்சிருக்கோம், எப்பத்துக்குள்ள வரணும், இவ்வளவும் இருந்தா அந்தப் பக்கம் இருக்கிறவரு எதையும் யூகிக்க வேண்டியதில்ல. கொஞ்சம், லேசா, மாதிரி, இந்த மூணு சொல்லையும் எடுத்துடணும், என் மெசேஜுகள்ல பொய் சொன்னது அந்தச் சொல்லுங்கதான். முதல்ல கோல் எடுத்துக் கதைக்கணும், கதைச்ச பொறகு அதையே போட்டோவோட எழுதியும் அனுப்பணும், ஏன்னா பேச்சு மறந்துரும், எழுத்து இருக்கும். பின்னாடி பிரச்சின பெரிசாகி மத்தியஸ்த சபைக்குப் போனாலும் கையில காட்ட ஏதாவது இருக்கணும்.

சட்டம் என்ன சொல்லுதுனு எங்க ஸ்கூல் சேர் ஒருத்தரு, லோ படிச்சவரு, விளங்கப்படுத்தினாரு. இங்க நடைமுறைல இருக்கிற ரோமன் டச்சுச் சட்டப்படி, வாடகைக்குக் குடுத்த வீட்ட குடியிருக்கக்கூடிய நிலைல வெச்சிருக்க வேண்டியது குடுத்தவரோட கடமை, எக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய. அதனால எக்ரிமென்ட்ட முதல்ல படிங்கனாரு. எங்களதுல "சிறு திருத்தங்கள் வாடகைக்காரர், பெரிய திருத்தங்கள் உரிமையாளர்"னு ஒரு வரி இருக்கு, எது சிறுசு எது பெருசுனு ஒரு சொல்லு இல்ல. பல்பு சிறுசு, சுவருக்குள்ள ஓடுற வயரு பெருசு, அத கையெழுத்து வைக்கிறப்பவே கேட்டு எழுதி வாங்கியிருக்கணும். அவரு சொன்ன இன்னொண்ணு எனக்கு முக்கியமாப் பட்டுச்சு: கோவத்துல வாடகைய நிறுத்திறாதீங்க, 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துலயும் வாடகை பாக்கிதான் ஆள வெளிய அனுப்புறதுக்கு ஒரு காரணமா இருக்கு, நியாயம் உங்க பக்கம் இருந்தும் கேஸ் அவங்க பக்கம் போயிரும். நீங்களே செலவழிச்சு திருத்தி வாடகைல கழிக்கிறதா இருந்தா, முன்னாடியே அவரு சரினு எழுதினத வாங்கிட்டுச் செய்யுங்க.

அப்புறம் மண்சரிவு. அதுக்கு வேற கணக்கு. 2014 ஒக்டோபர் 29 காலைல கொஸ்லந்தை மீரியபெத்தைல லைன் லைனா மண்ணுக்குள்ள போனப்போ, அந்த இடத்துல ஆபத்து இருக்குனு முன்னாடியே எச்சரிச்சிருந்தாங்கனு பொறகு எல்லாரும் கதைச்சாங்க. எச்சரிக்கை இருந்துச்சு, போறதுக்கு இடம் இல்ல. அத நெனைக்கிறப்போ "ஏன் முன்னாடியே சொல்லல"ங்குற கேள்விய எங்க சனங்ககிட்ட கேக்கிறதுக்கு யாருக்கும் அருகதை இருக்கானு எனக்குத் தோணும். போன 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்போ எங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற மண்ணுல இருந்து தண்ணி வர ஆரம்பிச்சுது. முதல்ல தெளிஞ்ச தண்ணி. ராத்திரி 9 மணி போல டோர்ச் அடிச்சுப் பாத்தா கலங்கலா, தேத்தண்ணி நெறத்துல வருது, குசினிக் கதவும் சட்டத்துல இறுகி மூட முடியாம இருக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் ஸ்கூலுக்கு வந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த அடையாளம் அது ரெண்டும். நிலத்துல வெடிப்பு, சாயுற மரம், திடீர்னு வாற ஊத்து, இறுகுற கதவு. அவங்க மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புனு எச்சரிக்கை குடுக்கிறாங்க, ஆனா கலங்கல் தண்ணிய கண்ணால பாத்த பொறகு எந்தக் கலருக்கும் காத்திருக்கக் கூடாது. வீட்டுக்காரருக்குச் சொல்றது அப்புறம். முதல்ல மெயின அமத்தி, காஸ மூடி, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கிட்டு கீழ ரோட்டோரம் இருக்கிற கூட்டாளி டீச்சர் வீட்டுக்கு எறங்கிட்டோம். அங்க போயி நின்ன பொறகுதான் அங்கிளுக்கு எழுதினேன்: ஹதிசியி. வீட்டுக்குப் பின்னாடி மண்ணுல கலங்கல் தண்ணி வருது. நாங்க மூணு பேரும் வெளிய வந்துட்டோம், பத்திரமா இருக்கோம். கிராம சேவகருக்குச் சொல்லியாச்சு. வீட்டுக்கு யாரையும் அனுப்ப வேணாம்.

சிக்னல் இல்ல, அந்த மெசேஜ் போயிச் சேர ரெண்டு நாளாச்சு. ரோடும் இல்ல, ரயிலும் இல்ல, கம்பளைலயும் வெள்ளம், அவரு பக்கமும் என்ன ஆச்சுனு எங்களுக்குத் தெரியாது. சிக்னல் வந்ததும் பாத்தா அவரு 14 தடவ கோல் எடுத்திருக்காரு. திருப்பி எடுத்தப்போ அவரு கேட்ட முதல் கேள்வி அம்மா எப்படினுதான். பின்னாடி மண்ணு கொஞ்ச தூரத்துக்கு எறங்கி அந்த 3 அடி இடத்த நெரப்பி, குசினி ஜன்னல உடைச்சு உள்ள வந்திருந்துச்சு. வீடு நிக்குது. நிறுவனத்துல இருந்து வந்து பாத்து, தண்ணி வெளியேறுற ஓட்டை வெச்சு தாங்கு சுவரு கட்டின பொறகுதான் இருக்கலாம்னு சொல்லி, அங்கிள் கடன் எடுத்து அதக் கட்டி முடிக்க மூணு மாசத்துக்கு மேல போச்சு, அந்த மாசங்களுக்கு வாடகை வேணாம்னுட்டாரு. நானும் மகளும் காண் சிலாப்ப மாசத்துக்கு ஒருக்கா தூக்கிப் பாக்குறோம், ட்ரிப் சுவிட்ச் டெஸ்ட் பொத்தான அமுக்குறது மகளோட வேலை, வீடு பூரா இருட்டானா அவளுக்கு சந்தோசம்.

புது சுவிட்ச் காஞ்ச சுவருல இருக்கு, புது வயரு, புது ட்ரிப். அந்தப் பழைய ஆணிய அம்மாவே புடுங்கி புது சுவிட்சுக்குப் பக்கத்துல அடிச்சிக்கிட்டாங்க. விடியக்காலம் 4.30க்கு எனக்கு முழிப்பு வந்தா, குசினில அகப்பைக் காம்பு சுவிட்சுல படுற சத்தம் இன்னும் கேக்குது. கையால போடுங்கம்மானு நான் இதுவரைக்கும் சொல்லல.